‘குழுவுக்கு அனுப்பப்பட்டது’ என்பதோடு மனு முடிந்துவிடவில்லை

கேள்வி: எங்கள் மகன் அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்தில் இருக்கிறான். மருமகள் அந்த ஊர்க் கறுப்பினக் குடும்பத்துப் பெண். அவளுடைய தாய்வழி முன்னோர் ஒருவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். மனைவி மக்களோடு வர்ஜீனியாவிலேயே தங்கியிருக்க அனுமதி கேட்டு 1810 டிசம்பரில் மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். இணையப் பட்டியலில் ‘குழுவுக்கு அனுப்பப்பட்டது’ என்பதோடு விவரம் நின்றுவிடுகிறது. மனு தள்ளுபடியாகி, குடும்பத்தை வெளியேற்றிவிட்டார்களா? ‘இறுதி உத்தரவு’ நகல் எடுத்துத் தர 750 டாலர் ஆகும் என்கிறார் வம்சாவளி ஆய்வாளர் ஒருவர். கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, பணம் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு மனுவுக்கும் ‘இறுதி உத்தரவு’ என்று தனியாக ஒரு தாள் போடும் வழக்கம் அந்தச் சட்டமன்றத்தில் இல்லை. மனு ஏற்கப்பட்டால் அது ஒரு சட்டமாகவே நிறைவேறும். ஏற்கப்படாவிட்டால் மனுத்தாளின் முதுகில் ஒரு வார்த்தை எழுதிக் கட்டி வைத்துவிடுவார்கள். நீங்கள் தேடும் பதில் பெரும்பாலும் அந்த முதுகில்தான் இருக்கும், அதைப் பார்க்கக் காசு கிடையாது.

ஒரு மனிதர் சொந்த ஊரில் குடியிருக்கச் சட்டமன்றத்தை ஏன் கெஞ்ச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். 1782இல் வர்ஜீனியா, எஜமானர்கள் விரும்பினால் எழுதிக் கொடுத்து அடிமைகளை விடுவிக்கலாம் என்றது. 1806 ஜனவரியில் அதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டது. இனி விடுதலையாகிறவர் பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். தங்கினால் விடுதலையே பறிபோகும், பிடித்து மறுபடியும் விற்கலாம். மனைவியும் குழந்தைகளும் பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருக்கும்போது ஒருவர் எங்கே போவார்? சட்டமன்றம் தனியாக அனுமதித்தால் ஒழிய வழியில்லை. அந்த மன்றத்தின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இந்த மாதிரித் தனிமனிதக் காரியங்கள்தான்: ஒருவருக்கு விவாகரத்து, ஒருவருக்குப் போர்க்கால நிலுவை, ஓர் ஊருக்குப் படகுத்துறை. ஒரு குடும்பத்தின் உயிர்ப் பிரச்சினையும் படகுத்துறையும் ஒரே காகிதக் கட்டுக்குள் வரிசையாகக் கிடப்பதை இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு மனம் ஆறவில்லை.

மனு போன பாதை இது. ஊரில் எழுதத் தெரிந்த ஒருவர் எழுதுவார். வெள்ளைக்கார அண்டை வீட்டார், ‘இவர் நாணயமானவர், உழைப்பாளி’ என்று கீழே கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) உறுப்பினர் அதைக் கீழவையில் கொடுப்பார். எழுத்தர் வாசிப்பார். பிறகு நீதிமன்றங்களுக்கான குழு, கோரிக்கைகள் மற்றும் குறைகளுக்கான குழு என்பது போன்ற ஒரு குழுவுக்குப் போகும். உங்கள் பட்டியல் நிற்பது இந்த இடத்தில். இது தொடக்கம் மட்டுமே. குழு ‘நியாயமானது’ என்று சொல்லி, அவையும் ஒப்புக்கொண்டால், மசோதா எழுதி மூன்று முறை வாசித்து, மேலவைக்கு அனுப்புவார்கள். மேலவையும் ஏற்றால் சட்டம். ஆளுநருக்குத் தடுக்கும் அதிகாரம் அப்போது கிடையாது, அதனால் அவர் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டாம்.

நியூ கென்ட் கவுண்டியின் ஜேம்ஸ் கதை இந்தப் பாதைக்கு நல்ல உதாரணம். 1781இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்துக்காக ஆங்கிலேயப் படைக்குள் போய் உளவு பார்த்தவர். படைவீரராகப் பணியாற்றிய அடிமைகளுக்கு விடுதலை தரும் சட்டம் ஒற்றருக்குப் பொருந்தாததால், சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார். 1786இல் தொடங்கிய கூட்டத்தொடரில் அவருக்கென்றே ஒரு சட்டம் நிறைவேறியது. எஜமானருக்கு நஷ்டஈடு கொடுக்கவும் அதில் வழி செய்தார்கள். அவர் கையில் கிடைத்த ‘உத்தரவு’ அந்தச் சட்டம்தான்.

சரி, மருமகளை வர்ஜீனியா நூலகத்தின் இணையதளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இந்த மனுக்களை அவர்கள் படமெடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம், கடைசிப் படம் வரை போகட்டும். மனுவை நீளவாக்கில் பட்டையாக மடித்து வைத்திருப்பார்கள். வெளிமடிப்பில் கவுண்டியின் பெயர், தேதி, குழுவின் பெயர் ஆகியவற்றுக்குக் கீழே வேறு மையில், சாய்வாக, ‘ரீசனபிள்’ (நியாயமானது) அல்லது ‘ரிஜெக்டட்’ (தள்ளுபடி) என்று கிறுக்கியிருக்கும். சிலவற்றில் மசோதா எழுதப்பட்டது என்றும் இருக்கும். இந்த ஒரு வார்த்தையைப் பட்டியலிலேயே சேர்த்திருந்தால் எத்தனை குடும்பங்களின் கவலை தீர்ந்திருக்கும்! சேர்க்காத இடங்களில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள்.

அவர்கள் செய்வது இதுதான். இலவசப் படத்தையே இறக்கி, தடித்த தாளில் அச்சடித்து, ஒரு முத்திரையும் குத்தி ‘சான்றளித்த நகல்’ என்று விற்கிறார்கள். சிலர் பழைய சட்டத் தொகுப்பில் பெயர் இல்லை என்று காட்டி, ‘தள்ளுபடி’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஹெனிங் தொகுத்த பதின்மூன்று தொகுதிகள் 1792 வரைதான், ஷெப்பர்டின் மூன்று தொகுதிகள் 1806ஆம் ஆண்டுக் காலத்தோடு முடிகின்றன. 1810ஆம் ஆண்டு மனுவை அவற்றில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்தக் கூட்டத்தொடரின் சட்டங்கள் தனிப் புத்தகமாக அச்சானவை, அதைப் பாருங்கள். கூட்டம் டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நீளும். ஆகவே சட்டம் 1811 ஜனவரியிலோ பிப்ரவரியிலோ நிறைவேறியிருக்கலாம்.

அவையின் அன்றாட நடவடிக்கைகளைப் பதிந்த அவைக்குறிப்பில் தேடும்போது பெயரை நம்பாமல் தேதியை வைத்து நாள் நாளாகப் படியுங்கள். சில பழைய அச்சுகளில் ஆங்கில எஸ் எழுத்து எஃப் போலவே இருக்கும், கணினி தவறாகப் படித்து ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். ‘மேசைமேல் வைக்கப்பட்டது’ என்ற வரியைக் கண்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். நம் சட்டமன்றத்தில் அதற்கு முறைப்படி தாக்கல் செய்யப்பட்டது என்று பொருள். அங்கே ஒதுக்கி வைத்தார்கள் என்று பொருள். கூட்டத்தொடர் முடிவதற்குள் எடுக்காவிட்டால் அந்த மனு செத்துவிடும், அடுத்த ஆண்டு மறுபடி போட வேண்டும். எனவே 1811, 1812 மனுக்களையும் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானமாகப் படியுங்கள்: யார், யாருக்காக அனுமதி கேட்கிறார்? 1806 மே 1க்கு முன்பே விடுதலையானவரை அந்த வெளியேற்றச் சட்டம் தொடாது. அப்படி முன்பே விடுதலையான கணவர், சம்பாதித்து மனைவியை எஜமானரிடமிருந்து விலைக்கு வாங்கியிருப்பார். வாங்கினதால் காகிதத்தில் மனைவி அவருடைய அடிமை. விடுதலை எழுதிக் கொடுத்தால் அவள் ஊரை விட்டுப் போக வேண்டும். எழுதிக் கொடுக்காமல் அவர் இறந்தால், கடன்காரர் அவளையும் பிள்ளைகளையும் சொத்தாகக் கணக்கெடுக்கலாம். இந்தப் பயத்தில்தான் பல கணவர்கள் மனுப் போட்டார்கள். உங்கள் மருமகளின் முன்னோரும் அப்படிப்பட்டவராக இருந்தால், மனு தள்ளுபடியானாலும் அவர் வெளியேற வேண்டியிருந்திருக்காது, ஆபத்து மனைவிக்குத்தான். அவருடைய விடுதலைப் பத்திரம் கவுண்டி நீதிமன்றப் பத்திரப் புத்தகத்தில் பதிவாகியிருக்கும், அதன் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

முதுகில் ‘ரிஜெக்டட்’ என்றே இருந்தாலும் குடும்பம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சட்டத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமல்படுத்தவில்லை, அனுமதியில்லாமலே தங்கியவர்கள் ஏராளம். தங்கினார்களா என்பதை வரிப் பட்டியல் சொல்லும். 1782 முதல் ஆண்டுதோறும் அசையும் சொத்து வரிப் பட்டியல் இருக்கிறது, 1808க்கு மட்டும் கிடையாது. 1811, 1812, 1813 என்று அந்தக் கவுண்டியின் பட்டியலில் அவர் பெயர் தொடர்ந்து வந்தால் அவர் அங்கேதான் இருந்தார். அப்புறம், 1793 சட்டப்படி நகரங்களிலும், 1803 முதல் கவுண்டிகளிலும், சுதந்திரக் கறுப்பினத்தவர் அந்தந்த இடத்து எழுத்தரிடம் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பதிவேட்டில் உயரம், நிறம், நெற்றித் தழும்பு வரை எழுதியிருப்பார்கள். மனைவி பெயரும் 1811க்குப் பிறகு அதில் வருகிறதா என்று மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.