ஹிக்ஸோடு முடிந்துவிட்டதா? (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

பாம்பனில் இருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அப்பா கடலுக்குப் போகிறவர். கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் ஆய்வு செய்ய ஆசை. "கடைசியாகத் தேடிக்கொண்டிருந்த ஹிக்ஸ் துகளும் 2012-ல் கிடைத்ததோடு அந்தத் துறை முடிந்தது, வேறு பார்" என்கிறார்கள். கேள்வி எதுவுமே மிச்சமில்லையா?

வாசகி, பாம்பன்

அன்புள்ள தங்கைக்கு,

நிறையவே மிச்சமிருக்கிறது. ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருள் எதனால் ஆனது, பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் (அதே நிறையும் எதிரான பண்புகளும் கொண்ட எதிர்த்துகள்களால் ஆனது) ஏன் இவ்வளவு குறைவு என்பதெல்லாம் திறந்தே கிடக்கின்றன. ஆனால் என் மனம் எப்போதும் நியூட்ரினோவிடம்தான் போகிறது; மின்னூட்டமில்லாத, எதனோடும் அரிதாகவே மோதும் சின்னத் துகள் அது.

அடிப்படைத் துகள்களை விளக்கும் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடலை எழுதியபோது நியூட்ரினோவுக்கு நிறை இல்லை என்றே எழுதினார்கள். ஜப்பானில் 1,000 மீட்டர் ஆழத்தில், 50,000 டன் நீர் நிரப்பிய சூப்பர் காமியோகாண்டே தொட்டி 1998-ல் அதைப் பொய்யாக்கியது. காற்று மண்டலத்தில் பிறந்து மேலிருந்து வந்த மியூயான் நியூட்ரினோக்கள் (நியூட்ரினோவின் மூன்று வகைகளில் ஒன்று) கணக்குப்படி இருந்தன. பூமியைத் துளைத்துக் கீழிருந்து வந்தவை ஏறக்குறையப் பாதிதான். வழியிலேயே வேறு வகையாக மாறிவிட்டன!

தென்கடலில் படகு இறக்கும்போது அப்பா அலை பார்த்துக் காத்திருப்பாரே, நினைத்துப் பாருங்கள். நாலைந்து பெரிய அலை, அப்புறம் கொஞ்சம் ஓய்வு. நீளத்தில் சற்றே வேறுபட்ட அலைகள் சேர்ந்து வருவதால் அப்படி. நியூட்ரினோவும் நிறையில் சற்றே வேறுபட்ட மூன்று அலைகளின் கலவை. அவை போகப் போக ஒன்றையொன்று முந்திப் பிந்துவதில் வகை மாறுகிறது. நிறையே இல்லையென்றால் இந்த மாற்றம் கிடையாது.

சிக்கல் இங்கேதான். இந்த ஏற்ற இறக்கம் நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் காட்டும், நிறையை அல்ல. நிறையை நேரடியாக அளக்க முயலும் ஜெர்மனியின் காட்ரின் சோதனைப்படி அது 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) கீழே. எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏன் இத்தனை சிறிது? நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகளாக இருந்தால் இயல்பான ஒரு விளக்கம் உண்டு. அந்தச் சாத்தியத்தை இத்தாலிய இயற்பியலாளர் மயோரானா எழுதியது 1937-ல். இன்றுவரை ஆம், இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வேலைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் இத்துறை இருக்கிறது; ஆய்வுப் படிப்பில் சேர்வதற்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள். அதற்கு முன், இரண்டு வகை நியூட்ரினோ மட்டும் இருப்பதாக வைத்து, மாறும் நிகழ்தகவைத் தாளில் நீங்களே வருவித்துப் பாருங்கள். வகுப்பில் படித்த குவாண்டம் இயங்கியலே போதும். எங்காவது நின்றுவிட்டால் அந்த வரியை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்