பைத்தானில் லூப் போட்டும் முழுப் பட்டியலே திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கிருஷ்ணகிரி மண்டிக்காக மாம்பழ ரகங்களைப் பட்டியலாக்கி, வரிக்கு ஒன்றாகக் காட்ட லூப் போட்டால், ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறியோடு முழுப் பட்டியலும் வருகிறது என்கிறீர்கள். லூப் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. பிரிண்டுக்குள் பட்டியலின் பெயரையே கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

'for பழம் in பழங்கள்:' என்று எழுதினால், முதல் சுற்றில் பழம் என்ற மாறிக்குள் தோதாபுரி இருக்கும். அடுத்த சுற்றில் செந்தூரா, அப்புறம் நீலம். ஆகவே பிரிண்டுக்குள் பழம் என்று மட்டும் கொடுங்கள். (மாறிக்குத் தமிழ்ப் பெயரையே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும், நான் மிகவும் விரும்பும் வசதி இது.) பிரிண்ட் வரி நான்கு இடைவெளி உள்ளே தள்ளியிருக்கட்டும், உள்ளே தள்ளாவிட்டால் பிழை வரும்.

வரிசை எண்ணும் வேண்டுமா? ஒவ்வொரு பழத்தோடும் எண்ணையும் சேர்த்துத் தரும் எனுமரேட் (enumerate) பயன்படுத்துங்கள். அது 0-இல் தொடங்கும். ஸ்டார்ட் மதிப்பை 1 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.