கூரையை அவனே இழுத்து மூடிக்கொள்ள வேண்டும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது முடியப் போகிறது. ஆட்டிசம். 28 கிலோ, நாலடி நாலங்குலம். நன்றாக நடப்பான், ஓடுவான். ஆனால் கூட்டமும் சத்தமும் சேர்ந்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறான். என்னால் இனி தூக்க முடியாது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி வரும் மே மாதம் எங்களை அழைத்திருக்கிறான். ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் டிக்கெட் எடுக்கிறானாம். பெரிய பிள்ளை உட்காரும் ஸ்ட்ரோலர் வாங்கலாமா என்று கேட்டதற்கு என் மாமியார், "ஏழு கழுதை வயசாகுது, தள்ளுவண்டி கேக்குதா?" என்கிறார். எந்த மாதிரி வண்டி? இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா? உள்ளே விடுவார்களா?

- பெயர் வேண்டாம், காவேரிப்பட்டினம்

பதில்: மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள் தங்கச்சி. அந்த ஊரில் காலையிலிருந்து ராத்திரி வரை சுற்றினால் பத்து கிலோமீட்டர் நடை சர்வசாதாரணம். காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு நடந்தே போகிற மாதிரி. அதுவும் நாலு நாள் தொடர்ந்து. அவரையும் கூட்டிப்போனால் மூன்றாம் நாள் பேரனை இறக்கிவிட்டு அவர் ஏறிக்கொள்வார்.

நான் தருமபுரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் பையனுக்கு இப்போது பதினான்கு வயது. அவனுக்கு எட்டு வயதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்யாமல் இருக்க. ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவதற்காக ஆன்லைனில் ஒரு ஸ்ட்ரோலர் வாங்கினேன். படத்தில் பெரிதாகத் தெரிந்தது. அவன் அப்போது 26 கிலோ. இருக்கைக்கு அடியில் தைத்திருந்த லேபிளில் 15 கிலோ வரை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாள் முழுக்கத் துணியும் லேபிளுமாகப் புழங்குகிற நான் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம் வரை வண்டி ஓடியது. சாப்பாட்டுப் பையையும் இரண்டு தண்ணீர் பாட்டிலையும் கைப்பிடியில் மாட்டியிருந்தேன். ராட்டினத்தைப் பார்த்ததும் இவன் திடீரென்று எழுந்தான். முன்பாரம் போனதும் வண்டி பின்பக்கமாக மல்லாந்தது. தயிர்சாதம் தரையில். நிமிர்த்திப் பார்த்தால் பின்சக்கர அச்சு வளைந்து, சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. வாசல் வரை அவனுக்கு அவன் அப்பா முதுகுதான் வண்டி.

ஆக முதல் விஷயம் எடை. கடையில் கிடைக்கும் குழந்தை வண்டிகள் பெரும்பாலும் 15 கிலோவுக்குச் செய்தவை, கொஞ்சம் நல்லவை 22 கிலோ தாங்கும். உங்கள் பையன் இரண்டையும் தாண்டிவிட்டான். டிஸ்னி வேர்ல்டுக்கு உள்ளேயே வாடகைக்குத் தரும் ஒற்றை இருக்கை வண்டியும் 50 பவுண்டு வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான், அதாவது இருபத்திரண்டரை கிலோ சொச்சம். இரட்டை இருக்கை வண்டி 100 பவுண்டு தாங்கும், சில பெற்றோர் பெரிய பிள்ளையை அதில் உட்காரவைக்கிறார்கள். ஆனால் அது கெட்டியான பிளாஸ்டிக் இருக்கை, அதோடு பூங்கா வாசலைத் தாண்டி அதைக் கொண்டுபோக முடியாது. பிள்ளை களைத்துப்போய் நிற்கிற நேரத்தில், வாசலிலிருந்து கார் நிற்கிற இடம் வரை என்ன செய்வீர்கள்?

அடுத்தது உயரம். எடையை எல்லாரும் பார்த்துவிடுவார்கள், இதை விட்டுவிடுவார்கள். என் தொழில் புத்தி, அளவெடுக்காமல் எதையும் வாங்கமாட்டேன். பையனைத் தரையில் உட்காரவைத்து முதுகைச் சுவரோடு ஒட்டச் சொல்லுங்கள். உச்சந்தலைக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை எத்தனை சென்டிமீட்டரோ, வண்டியின் இருக்கையிலிருந்து கூரை வரை அதற்கு மேல் நாலு விரல் இடம் இருக்க வேண்டும். அப்புறம் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை டேப் வையுங்கள். கால் வைக்கும் பலகை அவ்வளவு கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் முட்டி மார்புக்கு வந்துவிடும், இல்லாவிட்டால் செருப்பு தரையில் தேய்ந்துகொண்டே வரும். அந்தச் சத்தமே இந்தப் பிள்ளைகளுக்குப் போதும், ரகளை ஆரம்பித்துவிடும். மூன்றாவது அளவு இடுப்பு அகலம், இரண்டு பக்கமும் ஒரு விரல் போக வேண்டும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

ஏன் தம்பிக்கு? இங்கே வாங்கவே வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. சிறப்புத் தேவையுள்ள பெரிய பிள்ளைகளுக்கென்றே செய்த ஸ்ட்ரோலர்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்குச் சமமான எடையைத் தாங்குபவையும் உண்டு. ஆனால் விலை கையைச் சுடும், நாலு நாளுக்காக அந்தப் பணம் வேண்டாம். டிஸ்னி வேர்ல்டை ஒட்டிய ஊரான ஆர்லாண்டோவில் இவற்றை வாடகைக்குத் தருகிற கடைகள் நிறைய. தங்கும் விடுதிக்கே கொண்டுவந்து கொடுத்து, முடிந்ததும் வந்து எடுத்துப்போவார்கள். தம்பி 'குழந்தை ஸ்ட்ரோலர்' என்று கேட்டால் குழந்தை வண்டிதான் வரும். 'ஸ்பெஷல் நீட்ஸ் ஸ்ட்ரோலர்' என்று கேட்கச் சொல்லுங்கள், உங்கள் மூன்று அளவையும் கிலோவையும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால், ஓட்டப்பயிற்சி செய்பவர்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்களே, பெரிய மூன்று சக்கரம் வைத்த ஜாகிங் ஸ்ட்ரோலர், அவற்றில் சில 75 பவுண்டு, 34 கிலோ வரை தாங்கும். உங்கள் பையனுக்கு இந்த வருஷம் அது போதும், கூரை உயரம் மட்டும் சரிபாருங்கள். எந்த வண்டியானாலும் அகலம் 79 சென்டிமீட்டர், நீளம் 132 சென்டிமீட்டருக்கு மேல் போனால் டிஸ்னி வேர்ல்டில் விடமாட்டார்கள். 2019 மே மாதத்திலிருந்து அந்த விதி. முன்னால் பிடித்து இழுக்கிற வேகன் வண்டியும் கூடாது.

சரி, இவ்வளவும் இரும்பும் சக்கரமும். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது கூரையைப் பற்றி.

2023 ஜூனில் ஃபுளோரிடாவின் டாம்பாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனோம், அப்படியே டிஸ்னி வேர்ல்டுக்கும். பையனுக்கு அப்போது பதினோரு வயது, 34 கிலோ. மேலே சொன்ன மாதிரி ஆர்லாண்டோவில் வாடகைக்குத்தான் எடுத்தோம். அந்த வண்டியின் கூரை, ரிக்‌ஷா மூடி மாதிரி மூன்று மடிப்பாக முகம் வரை இறங்கும். முதல் நாள் அரை மணி நேரத்திலேயே அதன் விளிம்பில் இருந்த நாடாவைக் கண்டுபிடித்துவிட்டான். ராத்திரி வாணவேடிக்கைக்கு ஜனம் கூடத் தொடங்கியதும் காதுமூடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாடாவைப் பிடித்துக் கீழே இழுத்தான். முழுக்க இறங்காமல் ஒரு சாண் இடைவெளி. "கதவு சாத்து" என்றான். என் துப்பட்டாவைக் கிளிப் போட்டு அந்த இடைவெளியில் தொங்கவிட்டேன். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிஷம் கழித்து துப்பட்டா ஓரத்தை ஒரு விரலால் விலக்கி, ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தான். மறுபடி சாத்திக்கொண்டான். அப்புறம் விலக்கினான். ஊரில் தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறவன் அவன். வாழ்க்கையில் முதல்தடவையாக வாணவேடிக்கை பார்த்தது அந்த ஒரு சாண் சந்து வழியாகத்தான்.

அதனால் வண்டி தேர்ந்தெடுக்கும்போது, சக்கரம் எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்னால், கூரை எவ்வளவு இறங்கும், அதை அவனே இழுத்து மூடவும் திறக்கவும் முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் மூடினால் அது அடைத்துவைத்த மாதிரி. அவனே மூடினால்தான் அது அவன் அறை. இடுப்புப் பட்டையும் அப்படித்தான். சரிவில், கூட்டத்தில் போடுங்கள். அடம்பிடித்ததற்காகக் கட்டிப்போட்டீர்களானால் மறுநாள் வண்டியைப் பார்த்தாலே ஓடுவான்.

உள்ளே விடுவார்களா என்று கேட்டீர்கள். விடுவார்கள், ஆனால் ஒரு வேலை இருக்கிறது. சாதாரண ஸ்ட்ரோலரை ஒவ்வொரு சவாரிக்கும் வெளியே நிறுத்திவிட்டுத்தான் வரிசையில் போக வேண்டும். பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற அலுவலகம் இருக்கும். முதல் நாள் காலை நேராக அங்கே போய், இந்த ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகத்தான் பயன்படுத்துகிறோம் என்று சொன்னால் வண்டியில் மாட்ட ஓர் அட்டை தருவார்கள். அது இருந்தால் சக்கர நாற்காலி போகிற வரிசைகளுக்குள் வண்டியோடே போகலாம். வரிசையில் நிற்கவே முடியாத பிள்ளைகளுக்கு டிஸபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ் என்ற வேறோர் ஏற்பாடும் உண்டு. திரும்பி வர ஒரு நேரம் கொடுப்பார்கள், அதுவரை வரிசைக்கு வெளியே எங்காவது இருக்கலாம். நான் போனதற்குப் பிறகு, 2024-ல் அதன் விதிகளை இறுக்கிவிட்டார்கள். வீடியோ அழைப்பில் பேசிப் பதிய வேண்டும், அழைப்பின்போது பையனும் கூட இருக்க வேண்டும். இங்கிருந்து பேசுவதானால் மே மாதத்தில் ஃபுளோரிடா நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அவன் தூங்கிவிடப் போகிறான்.

வண்டியை வெளியே விடவேண்டிய இடங்களில் ஊழியர்கள் வழி அடைபடாமல் இருக்க வண்டிகளை நகர்த்தி வரிசையாக வைப்பார்கள். விட்ட இடத்தில் இருக்காது. பார்த்தால் நூறு வண்டி, எல்லாம் கறுப்பு. நான் கடையிலிருந்து ஒரு முழம் மாம்பழ மஞ்சள் சாட்டின் துணி கொண்டுபோய்க் கைப்பிடியில் கட்டியிருந்தேன். என்னைவிட அவன்தான் முதலில் கண்டுபிடிப்பான். பிளாஸ்டிக் மழை உறையும் கேட்டு வாங்குங்கள், கோடையில் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். பூங்காப் பேருந்துகளில் வண்டியை மடித்துத்தான் ஏற்ற வேண்டும். ஒரு கையில் பையன், ஒரு கையில் வண்டி என்றால் திண்டாடிப்போவீர்கள், யார் மடிப்பது யார் பிடிப்பது என்று தம்பியோடு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

விமானத்துக்கு வண்டி தூக்கவேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். பெங்களூரு விமான நிலையத்தில் சூரியகாந்திப் பூப்போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை ஒன்று கேட்டால் தருவார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் என்பதற்கு அடையாளம் அது. அவனுக்குக் கழுத்தில் மாட்டப் பிடிக்காவிட்டால் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒத்திகை பார்க்காமல் போகாதீர்கள். சர்ஜிகல் கடையில் சின்னச் சக்கர வீல்சேர் ஒன்றை இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள். குடை ஒன்றைக் கட்டிக் கூரை பண்ணுங்கள். முதலில் வீட்டுக்குள், அப்புறம் தெருவில், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கே.ஆர்.பி. அணைப் பூங்காவில். கூட்டம், பொரித்த மீன் வாசனை, ஊஞ்சல் சத்தம் எல்லாம் அங்கே இலவசம். யாராவது "இவ்ளோ பெரிய பையனுக்கு என்னாச்சும்மா?" என்று கட்டாயம் கேட்பார்கள். நான் "ஒண்ணும் ஆகலைங்க, வண்டி வாங்கியிருக்கோம்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கேள்வி: அமெரிக்கா எல்லாம் நமக்கு எட்டாதுங்க. எங்கள் மகளுக்குப் பதினொரு வயது, ஆட்டிசம், 36 கிலோ. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் கூட்டிப்போக ஆசை. அவளுக்கு என்ன வண்டி சரி?

- ஒரு தந்தை, பாலக்கோடு

பதில்: அண்ணா, ஒகேனக்கலுக்கு எந்த ஸ்ட்ரோலரும் சரிவராது. படியும் பாறையும் ஈரமும். பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெரு வரை சாதாரண வீல்சேர் ஓடும், அதற்கப்புறம் கையைப் பிடித்து நடத்த வேண்டியதுதான். 36 கிலோவுக்கு நான் வீல்சேரைத்தான் சொல்வேன். மடங்கும், தாங்கும், பஞ்சரானால் நம்மூரிலேயே ஒட்டிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் தருமபுரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) எடுக்காவிட்டால் முதலில் அதை எடுங்கள், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். வெளியே போனால் நாற்காலி ஏன் தேவைப்படுகிறது என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

ஆடிப்பெருக்கு மட்டும் வேண்டாம் அண்ணா. ஆடிக்கு ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் பரிசலும் நிறுத்திவிடுவார்கள், கூட்டம் மட்டும் இருக்கும். தண்ணீர் இறங்கினதும் ஒரு புதன்கிழமை, காலை வெயில் ஏறுவதற்குள் போங்கள். பரிசலில் போடும் லைஃப் ஜாக்கெட்டை அவள் மறுக்கலாம். ஒருநாள் முன்னாலேயே வீட்டில் கெட்டியான ஸ்வெட்டர் போட்டுப் பழக்குங்கள். நாற்காலியை மீன் வறுக்கிற அக்கா யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்வார்கள். திரும்பி வந்து அவரிடமே மீன் வாங்கிவிடுங்கள்.