அதிகாரி போட்ட போஸ்ட்டை நம்பலாமா?

கேள்வி: சார், கொரோனா டைம்ல இருந்து சுகாதாரத்துறை அதிகாரிங்க ட்விட்டர், ஃபேஸ்புக்னு நிறைய போடுறாங்க. அதைப் பாத்து ஜனங்க நிஜமாவே மாறுறாங்களா, இல்ல லைக்கைத் தட்டிட்டு போயிடுறாங்களா? (தென்காசி வாசகி)

பதில்: மாறுறாங்கம்மா, அதனாலதான் எனக்கு பயமாவும் இருக்கு. 2020 பிப்ரவரி 29 அன்னைக்கு அமெரிக்காவோட சர்ஜன் ஜெனரலா, அதாவது ஜனங்களுக்கு சுகாதார அறிவுரை சொல்ற அரசோட தலைமை டாக்டரா இருந்த ஜெரோம் ஆடம்ஸ் ட்விட்டர்ல, மாஸ்க் வாங்குறதை நிறுத்துங்க, பொதுமக்களுக்கு கொரோனா வராம தடுக்க அது உதவாதுன்னு போட்டார். அதே போஸ்ட்லயே, டாக்டர் நர்ஸுங்களுக்கு மாஸ்க் கிடைக்கலைன்னா அவங்களுக்கும் நமக்கும் ஆபத்துன்னும் எழுதினார். ரெண்டையும் சேர்த்துப் படிக்கிற ஆளு என்ன நினைப்பாங்க, எனக்கு உதவாதது நர்ஸுக்கு மட்டும் எப்படி உதவும்னுதானே? அவர் கவலை தட்டுப்பாடு பத்தி, அது நியாயமான கவலைதான், அதை மட்டும் சொல்லியிருந்தா ஜனங்க புரிஞ்சிருப்பாங்க. அப்புறம் அறிகுறி இல்லாதவங்ககிட்ட இருந்தும் பரவுதுன்னு தெரியவந்து, ஏப்ரல் 3-ம் தேதி அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் துணி மாஸ்க் போடச் சொல்லிடுச்சு, அதே ஆடம்ஸ் பழைய டி-ஷர்ட்டை மடிச்சு ரப்பர் பேண்ட் மாட்டி மாஸ்க் செய்றது எப்படின்னு வீடியோல காமிச்சார். நடுவுல அஞ்சே வாரம். ஆனா பழைய போஸ்ட்டோட ஸ்கிரீன்ஷாட்டை மாஸ்க் வேண்டாம்னு சண்டை போட்டவங்க விடவே இல்ல.

புது நோய், கருத்து மாறத்தான் செய்யும், அதுல தப்பே இல்ல. "இன்னைக்கு வரைக்கும் தெரிஞ்சது இதுதான், மாறலாம்"னு ஒரு வரி முதல்லயே போட்டிருக்கணும்னுதான் சொல்றேன்.

கேள்வி: அப்போ நூறு சதவீதம் தெரியுற வரைக்கும் பேசாம இருக்கிறது நல்லதா சார்?

பதில்: அய்யோ, அது இன்னும் மோசம். 2017 பிப்ரவரில நம்ம தமிழ்நாட்டுல தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் ஆரம்பிச்சாங்களே, 9 மாசக் குழந்தையில இருந்து 15 வயசு வரைக்கும், ஞாபகம் இருக்கா? ஊசி போட்டா குழந்தைக்கு ஏதோ ஆயிடும்னு வாட்ஸ்அப்ல ஆடியோவா பறந்துச்சு, எத்தனையோ பெத்தவங்க ஸ்கூல்ல ஊசி போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அந்த மாசமே முடியவேண்டிய முகாமை மார்ச் வரைக்கும் நீட்டவேண்டியதாச்சு. அந்த அம்மாக்களை நான் குறை சொல்லமாட்டேன். புள்ள உடம்பு விஷயம், பயந்தாங்க. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தா வயித்துல இருக்கிற குழந்தைக்கு கண்ணு, காது, இதயம் பாதிக்கலாம், அதுக்காகத்தான் இந்த ஊசின்னு யாராவது அவங்க பேச்சுலயே, வதந்தி வர்றதுக்கு முன்னாடியே அதே வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா எத்தனை பேர் யோசிச்சிருப்பாங்க. மந்திரி ரிப்பன் வெட்டுற போட்டோவுக்கு இருக்கிற இடத்துல பாதிய இதுக்குக் குடுக்கலாமே.

இன்னொன்னு, போஸ்ட் போட்டுட்டு கமெண்ட்டை பூட்டி வைக்கிற பழக்கம். ஊசி போட்டு ரெண்டு நாள் ஜுரம் வந்தா பயப்படணுமா, எத்தனை டிகிரி தாண்டினா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு கேக்குற தாய்க்கு அங்க பதில் வேணும். உங்க ஊர் கிராம சுகாதார செவிலியரம்மா நம்பர் உங்க தெரு குரூப்ல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அவங்ககிட்டயே கேட்டு சேத்துவிடுங்க.