போட்டிக்கு ஆகும் என்று விற்ற ரெட் டாட்: காசு திரும்புமா?

வாசகர் கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் மகள் கோவையில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். தோட்டத்துச் சாளையில் என்னிடம் ஒரு ஸ்பிரிங் ஏர் ரைபிள் உண்டு, ஞாயிறு ஆனால் அட்டை வைத்துச் சுடுவேன். இரண்டிலும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று நான்கு மாதம் முன்பு வெளியூர் வியாபாரி ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் பேசி 18,500 ரூபாய்க்கு ரெட் டாட் சைட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) வாங்கினேன். மகள் போட்டிக்கு ஆகுமா என்று கேட்டதற்கு "தாராளமா ஆகும் சார்" என்றார். கோச் பார்த்தவுடன் கழற்றச் சொல்லிவிட்டார். ரைபிளில் மாட்டினால் இருநூறு குண்டுக்குள் குறி விலகிப் போகிறது. மூன்றாவது வாரமே புகார் சொன்னேன். "உங்க கண்ணுல கோளாறு, பில்லுலயே நோ ரிட்டர்ன் போட்டிருக்கு" என்கிறார். மில் பெயரில் ஜிஎஸ்டி பில் இருக்கிறது. தீபாவளி ஆஃபரில் போனை மாற்றப்போகிறேன், அதற்கு முன் இதை முடிக்க ஆசை. பணம் கிடைக்குமா? இதை மாட்டினால் லைசென்ஸ் தொந்தரவு வருமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "தரமில்லாத பொருளை விற்றுவிட்டார்" என்று ஆரம்பித்துப் புகார் எழுதாதீர்கள், எல்லாரும் செய்கிற தப்பு அது. தரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், எதிர்த்தரப்பு வக்கீல் அதிலேயே ஒரு வருடம் ஓட்டிவிடுவார். உங்கள் கையில் அதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று வாங்குகிறவர் சொல்லி, அந்தப் பொருளை விற்பதே தொழிலாக உள்ளவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும் என்பது பில்லில் எழுதாவிட்டாலும் விற்பனையின் நிபந்தனை. நீங்கள் "மகள் போட்டிக்கு" என்று கேட்டீர்கள், அவர் தாராளமாக ஆகும் என்றார். ஆனால் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் திறந்த இரும்பு சைட் மட்டும்தான். கண்ணாடி வில்லை, டெலஸ்கோப், லேசர், மின்சாரப் புள்ளி எதுவும் கூடாது. நம் நாட்டுப் போட்டிகளும் இந்த விதியை ஒட்டித்தான் நடக்கின்றன. ரெட் டாட் செல்லுபடியாவது ஐபிஎஸ்சி (ஓடி நகர்ந்து சுடும் போட்டி) மாதிரி வேறு வகைப் போட்டிகளின் சில பிரிவுகளில், அம்மிணி சுடுவது அதுவல்ல. ஆக, உலகத்திலேயே உயர்ந்த சைட்டைக் கொடுத்திருந்தாலும் அவர் சொன்னது பொய்தான். இதை நிரூபிக்க லேப் வேண்டாம், விதிப்புத்தகத்தின் ஒரு பக்கமும் அந்த வாட்ஸ்அப் உரையாடலும் போதும். புகாரில் இதை முதலில் வையுங்கள்.

குறி விலகுவது இரண்டாவது. அங்கேதான் வேலை இருக்கிறது, ஏனென்றால் பொருளில் குறை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. முதலில் மவுண்ட் (சைட்டை ரைபிளில் பிடித்து நிறுத்தும் பிடி) திருகுகளைப் பாருங்கள். ரைபிளின் மேலே மவுண்ட் பூட்டும் தடம் 11 மில்லிமீட்டர் டவ்டெயிலா, அகலமான பிகாட்டினி ரெயிலா, சைட்டோடு வந்த மவுண்ட் எதற்கானது? பொருந்தாத மவுண்ட் ஒவ்வொரு குண்டுக்கும் இம்மி இம்மியாகப் பின்னால் நகரும், குற்றம் சைட் மேல் விழும். அது சரியாக இருந்தால், ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் பதித்து, 10 மீட்டர் தள்ளிச் சுவரில் சாக்பீஸ் குறி போட்டு, புள்ளியை அதில் நிறுத்துங்கள். தலையைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தினால் புள்ளியும் சற்று நகரும். அது பாரலாக்ஸ், பெரும்பாலான ரெட் டாட்கள் இன்னும் நீண்ட தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டு வருவதால் இவ்வளவு கிட்டத்தில் அது இருக்கும், குறை என்று சொல்ல முடியாது. தலையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு சைட்டின் பக்கத்தில் விரல் முட்டியால் நாலு தட்டு தட்டி, புள்ளி குறியை விட்டு விலகி அங்கேயே நின்றுவிட்டால் அதுதான் குறை. இதையெல்லாம் வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

"கண்ணுல கோளாறு" என்ற பதிலைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) இருந்தால் புள்ளி நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியும், வால் முளைத்தது போலவும் தெரியும். அது உண்மைதான். ஆனால் கண்ணில் உள்ள குறை இருநூறு குண்டு போன பிறகு புதிதாக வந்து அட்டையில் துளையைத் தள்ளி வைக்காது. எதற்கும் போன் கேமராவை சைட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். படத்தில் வட்டமாக இருந்து உங்களுக்கு மட்டும் சிதறினால் கண், படத்திலும் சிதறினால் சைட்.

அவர் அடுத்து எடுக்கப்போகும் ஆயுதம் ஸ்பிரிங் ரைபிள். ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதைக்கும், சாதாரண சைட்டுகள் அதில் தாங்காது என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். வாரண்டி அட்டையில் "ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஆகாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டாவது புகார் கொஞ்சம் பலவீனமாகும், அதனால்தான் முதல் புகாரை முன்னால் வைக்கச் சொன்னேன். உங்கள் ரைபிள் ஸ்பிரிங் வகை என்று அவரிடம் சொன்ன மெசேஜ் இருந்தால் அதுவும் நம் பக்கம்தான்.

"நோ ரிட்டர்ன்" முத்திரைக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் திரும்பக் கொடுக்கும் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே வைக்கிறது, நீங்கள் மூன்றாம் வாரத்திலேயே சொல்லிவிட்டீர்கள். இணையம் வழி விற்பனைக்கான 2020 விதிகளும் இதையே சொல்கின்றன, வாட்ஸ்அப்பில் பேசித் தொழிலாக விற்பவருக்கும் அது பொருந்தும் என்றுதான் நான் வாதிடுவேன்.

மில் பெயரில் பில் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று அவர் சொல்வார். நார் மில்லில் ரெட் டாட் வைத்து என்ன வணிகம் செய்ய முடியும், நோக்கம்தான் முக்கியம், பெயர் இல்லை என்று நாம் பதில் சொல்லலாம். ஆனால் இந்தப் பில்லுக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை மில்லின் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் நம் வாயை நாமே அடைத்துக்கொண்ட மாதிரி. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு கிரெடிட் எடுக்கவே கூடாது. ஆடிட்டரிடம் சொல்லி முதலில் அதைத் திருப்பிவிட்டு அப்புறம் புகாருக்கு வாருங்கள்.

வழி சிக்கலானதல்ல. 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார், வியாபாரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, கெடு இரண்டு வருடம், இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம், வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை (இதை எழுதுகிற நானே வக்கீல்). சைட்டை லேபுக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிட்டால் சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அதுவரை எந்தத் திருகையும் நீங்களோ உள்ளூர் ரிப்பேர்காரரோ திறக்கக் கூடாது. "அனுப்புங்க, பார்க்கிறோம்" என்று அவர் சொன்னாலும் படம், வீடியோ, கூரியர் ரசீது இல்லாமல் அனுப்பாதீர்கள்.

லைசென்ஸ் விஷயம்: 0.177 அங்குலத் துளை உள்ள குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத குண்டு ஆற்றல், இந்த அளவுக்குள் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். சைட் மாட்டுவதால் குழலும் மாறாது, ஆற்றலும் ஏறாது. ஆனால் சைட் நன்றாக இருக்கிறதே என்று தோப்பில் இறங்கும் மயிலைக் குறி பார்த்துவிடாதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள பறவை அது. குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை சிறை.

பணம் திரும்பி வந்து ரைபிளுக்கு மறுபடி வாங்கினால் சில விஷயங்களை மெசேஜில் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் அனுப்புங்கள். ஸ்பிரிங் ரைபிளின் உதையைத் தாங்குமா, மவுண்ட் எந்த அளவு, இறக்குமதி செய்தவர் யார், வாரண்டி யார் பொறுப்பு. புள்ளி எத்தனை எம்ஓஏ (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அளவு) என்பதும் முக்கியம். ஒரு எம்ஓஏ 10 மீட்டரில் ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டர், அதனால் 6 எம்ஓஏ புள்ளி 17 மில்லிமீட்டருக்கு மேல் மறைக்கும், பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். 2 எம்ஓஏ போதும். பச்சையா சிவப்பா என்றால், பச்சை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சுலபம், பேட்டரியைக் கொஞ்சம் அதிகம் தின்னும். அதற்கு வழக்குப் போட முடியாது.

அப்புறம் அந்தப் போன். உரையாடல் நடந்த போனையே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணு ஆவணத்துக்குச் சான்று கொடுக்கும்போது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கருவி கையில் இருந்தால் கேள்வியே எழாது. உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து பிரிண்ட் எடுத்துவிட்டு, ஆஃபரை விட மனசில்லையென்றால் வேறு பழைய போன் ஏதாவது கொடுங்கள், இது பீரோவில் இருக்கட்டும்.