மகனுக்கு 18 வயது நிறைகிறது: ஜீவனாம்சத்தை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு விவாகரத்தாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ன் கீழ் மனைவிக்கு 6,000, மகனுக்கும் மகளுக்கும் தலா 4,000 ரூபாய் மாதந்தோறும் தரும்படி குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த மாதம் மகனுக்கு 18 வயது நிறைகிறது. மகளுக்கு 16. மகனின் பங்கைக் கழித்துக்கொண்டு அனுப்பலாமா? படிப்பு முடியும் வரை தந்தாக வேண்டும் என்கிறார் அவனுடைய அம்மா. நாங்கள் இந்துக்கள்.

பதில்: மகன் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். நீங்களாகவே கழித்துக்கொள்வதில்தான் வம்பு.

125-வது பிரிவு, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144. மைனர் பிள்ளைகளுக்குத்தான் அதில் ஜீவனாம்சம். மேஜரான மகன் உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ, காயத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாதவனாக இருந்தால் மட்டுமே அது தொடரும். கல்லூரியில் படிக்கிறான் என்பது அந்தப் பிரிவில் காரணமாகாது. ஆனால், உங்கள் உத்தரவு சமரசத்தில் பிறந்ததாக இருந்து, 'பட்டப்படிப்பு முடியும் வரை' என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சே வேறு. சான்றிட்ட நகலை எடுத்துக் கடைசிப் பத்தி வரை படியுங்கள். தொகையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுபவர்களே அதிகம்.

பிறகு 146-வது பிரிவின் கீழ் (பழைய 127) சூழ்நிலை மாறிவிட்டதாக அதே நீதிமன்றத்தில் மனு போடுங்கள். மகனின் பிறப்புச் சான்றிதழையும், இதுவரை பணம் செலுத்தியதற்கான வங்கிக் கணக்கு விவரத்தையும் இணையுங்கள். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்தை நிரூபிப்பது பெரும்பாடு. குறைப்பு, 18 வயது நிறைந்த நாளிலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். உத்தரவு வரும் வரை முழுத் தொகையையும் அனுப்புங்கள் என்றால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பாக்கி என்று எதிர்மனு வந்தால் வாரண்டு வரை போகலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கவும் 144-வது பிரிவில் இடம் இருக்கிறது. உங்கள் தரப்பு நியாயமானதாகவே இருந்தாலும், அதைச் சொல்ல நீங்கள்தான் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும்.

இன்னொன்று: 146 தொகையைக் குறைப்பதற்கு மட்டும் உள்ள பிரிவு அல்ல. விலைவாசியையும் உங்கள் சம்பள உயர்வையும் காட்டி, தனக்கும் மகளுக்கும் கூட்டித் தரும்படி உங்கள் முன்னாள் மனைவியும் கேட்கலாம். இதற்குத் தயாராகவே படியேறுங்கள்.

மகள் விஷயத்தில் கணக்கு வேறு. 144-ன் கீழ் அவளுக்கும் 18-தான் எல்லை என்றாலும், 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20(3)-வது பிரிவு, சொந்த வருமானமோ சொத்தோ இல்லாத மணமாகாத மகளைப் பராமரிக்கும் பொறுப்பைத் தந்தை மீது வைக்கிறது. அவள் அந்தச் சட்டத்தின்படி தனியாகக் கேட்கலாம் என்று 2020-இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருமணச் செலவும் அந்தச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்குள் வருகிறது. ஆகவே, இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த 4,000 ரூபாயும் மிச்சம் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள்.