லைன்மேன் பயிற்சியில் சேர்க்கும் முன் மைதானத்தைப் பாருங்கள்

மகன் லைன்மேன் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டிய வேலைதான். அதை மறைத்து உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. ஆனால் இந்த வேலையின் ஆபத்துகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது, அது கைப்பழக்கமாகும்வரை செய்து பார்க்கப் பயிற்சியும் இருக்கிறது. அந்தப் பயிற்சி உண்மையில் நடக்கிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. கட்டணம், சான்றிதழ் எல்லாம் அப்புறம். வகுப்பு நடக்கும் நாளில் நேரில் போய் நில்லுங்கள்.

நல்ல பயிற்சி நிலையத்தின் மைதானத்தில் கம்பம், கம்பி, இன்சுலேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் நிஜ அளவில், மின்சாரம் இல்லாமல் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஏறுவதற்கு முன் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். மரக்கம்பம் என்றால் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியான மரம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே உளுத்தது பொத்தென்று கேட்கும். தரையை ஒட்டிய பகுதியைக் கூரான கருவியால் குத்தியும் பார்ப்பார்கள், அழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ரப்பர் கையுறையை மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டி, காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே பிடித்துக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்தக் கையுறை ஆகாது. இதையெல்லாம் ஆசிரியர் சொல்லாமலே மாணவர் செய்கிறார் என்றால், அங்கே பாடம் ஒழுங்காக நடக்கிறது.

நான் மிக முக்கியமாக நினைப்பது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யும் முறையை எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்பது. 'கரண்ட்டை நிறுத்தியாச்சு, ஏறு' என்று யாரோ சொன்னதை நம்பி ஏறுவதில்தான் உயிர் போகிறது. மின்சாரம் வரக்கூடிய எல்லாப் பக்கமும் சுவிட்சைத் திறக்க வேண்டும். வேறு யாரும் போட முடியாதபடி பூட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிட வேண்டும். பிறகு டெஸ்டரால் சோதிக்க வேண்டும். அந்த டெஸ்டர் சரியாக இருக்கிறதா என்று, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் எர்த்திங், அதாவது கம்பியை நிலத்தோடு இணைப்பது. கிளாம்பை முதலில் நிலத்தோடு இணைக்கும் முனையில் மாட்டி, பிறகுதான் காப்புக் கோலால் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது கம்பியில் இருப்பதை முதலில்.

நிறுத்திய லைனுக்கு எதற்கு எர்த் என்று கேட்கலாம். யாரோ ஒருவர் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்து ஓட்டினால், அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி, மேலே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வந்து நிற்கும். பக்கத்தில் ஓடும் இன்னொரு லைனே இதில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். உடம்பில் 10 முதல் 20 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்ததைக் கையால் விட முடியாமல் போகலாம். 230 வோல்ட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு இழுப்பதைவிட இது குறைவு. அதனால்தான் இந்த வரிசையில் ஒரு படியைக்கூடத் தாண்டக் கூடாது.

அடுத்து, மீட்புப் பயிற்சியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். ஆள் எடையுள்ள பொம்மையைக் கம்பத்தின் உச்சியில் பெல்ட்டோடு தொங்கவிட்டு, கீழே நிற்கும் மாணவர் முதலில் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்து, ஏறி, கயிறு கட்டி இறக்கி, உடனே மார்பை அழுத்தி முதலுதவி தர வேண்டும். இதயம் நின்றவருக்கு அந்த முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. படிப்பு முழுக்க ஒரே ஒரு தடவை செய்து காட்டுகிறார்கள் என்றால் அது போதாது. ஒவ்வொரு மாணவரும் தன் கையால் பலமுறை செய்ய வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'இது பாதுகாப்பாக இல்லை, ஏற மாட்டேன் என்று பையன் சொன்னால் என்ன செய்வீர்கள்?' பதிலில் எரிச்சல் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

உயரத்தைப் பார்த்தால் தலைசுற்றுமா என்பது முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். நிறங்களைப் பிரித்தறியும் கண் பரிசோதனையைச் சேருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பல நாடுகளில் முழுத் தேர்ச்சிக்கு 3 அல்லது 4 ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பகுதி அனுபவசாலி ஒருவருக்குக் கீழே வேலை செய்தபடி. பிறகு கேபிள் ஜாயின்டிங் (கேபிள்களை இணைப்பது), துணைமின் நிலையம், ரிலே (கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கச் செய்யும் கருவி) சோதனை, கட்டுப்பாட்டு அறை என்று வழிகள் உண்டு.

இன்னொன்று. புயல் அடித்து ஓய்ந்த இரவில் மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்க, இவர்கள் வெளியே போக வேண்டும். அடுத்தடுத்து நீளும் வேலையில் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் கவனம் சிதறும். களைத்துப்போனால் மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை அவனிடம் இப்போதே பேசிவிடுங்கள். அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரும் திட்ட மாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.